4 கொலைகள், 28 ஆண்டு சிறை, விருது பெற்ற நாவல்: ஜப்பானில் தூக்குத் தண்டனைக்கே அளவுகோலாக மாறிய நோரியோ நாகயாமா யார்?

ஜப்பானில் கொடூரமான கொலை வழக்கு ஒன்றில் தீர்ப்பு வரப்போகிறது என்றால், அன்றைய செய்திகளில் ஒரு பெயர் தவறாமல் அடிபடும். அது குற்றவாளியின் பெயர் இல்லை. நீதிபதியின் பெயரும் இல்லை. 1997-லேயே தூக்கிலிடப்பட்டுவிட்ட ஒருவரின் பெயர். நாகயாமா.

குற்றவாளிக்கு மரண தண்டனையா, ஆயுள் தண்டனையா என்று முடிவு செய்ய ஜப்பான் நீதிமன்றங்கள் இன்றுவரை கையில் எடுக்கும் அளவுகோலுக்குப் பெயரே 'நாகயாமா அளவுகோல்' தான். ஒரு தொடர் கொலையாளியின் பெயர் எப்படி நீதிமன்ற அளவுகோலுக்கு வந்தது? 19 வயதில் 4 பேரைச் சுட்டுக் கொன்றவர் எப்படி விருது வாங்கிய எழுத்தாளர் ஆனார்? அவரது புத்தகப் பணம் ஏன் பெரு நாட்டுக் குழந்தைகளுக்குப் போனது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த நோரியோ நாகயாமா?

ஜப்பானின் வடக்கு எல்லையில் இருக்கும் பெரிய தீவு ஹொக்கைடோ. அதன் வடகிழக்குக் கரையில் அபாஷிரி என்றொரு ஊர். குளிர்காலத்தில் கடலில் பனிப்பாளங்கள் மிதந்து வந்து கரையை மூடும் அளவுக்குக் குளிர். ஜப்பானியர்களைப் பொறுத்தவரை அபாஷிரி என்றாலே ஞாபகத்துக்கு வருவது அங்கிருக்கும் சிறைச்சாலைதான்.

அந்த ஊரில் 1949 ஜூன் 27-ம் தேதி பிறந்தவர் நோரியோ நாகயாமா. 8 பிள்ளைகளில் 7-வது பிள்ளை. அப்பா ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்யும் தொழிலாளி. வேலை தெரிந்தவர்தான். ஆனால் சம்பாதித்ததெல்லாம் சூதாட்டத்தில் போனது. வீட்டில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். கைக்குழந்தையாக இருந்த நோரியோவைத் தூக்கி வளர்த்தது மூத்த அக்காதான். அந்த அக்காவும் மனநலம் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

1954-ல்தான் அந்தக் குடும்பம் மொத்தமாக உடைந்தது.

5 வயதில் என்ன நடந்தது?

கணவரின் கொடுமையும் வறுமையும் தாங்க முடியாமல், நோரியோவின் அம்மா தன் சொந்த ஊரான அவோமோரி மாகாணத்தின் இட்டாயானாகிக்குக் கிளம்பினார். எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக அவரிடம் காசு இல்லை. சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். 4 பிள்ளைகள் அபாஷிரியிலேயே விடப்பட்டார்கள். அவர்களில் கடைக்குட்டி நோரியோ. வயது 5.

பெரியவர்கள் யாருமே இல்லாத வீடு. வெளியே உறைபனி. துறைமுகத்தில் சிந்திக் கிடக்கும் மீன்களைப் பொறுக்கியும், குப்பையைக் கிளறியும் அந்தப் பிள்ளைகள் குளிர்காலத்தை ஓட்டினார்கள். வசந்தம் வந்த பிறகுதான் நலத்துறை அலுவலகத்தின் கண்ணில் பட்டு, அம்மாவிடம் அனுப்பி வைக்கப்பட்டார்கள்.

அம்மாவிடம் போன பிறகாவது நிலைமை மாறியதா என்றால், இல்லை. அம்மா ஊர் ஊராகப் போய்த் தலைச்சுமை வியாபாரம் செய்பவர். பெரும்பாலான நாட்கள் வீட்டில் இருக்க மாட்டார். நோரியோவை மூத்த அண்ணன் ஒருவர் அடித்துத் துவைப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போவதைவிட வீட்டை விட்டு ஓடிப்போவதே அதிகம். சிறுவயதிலேயே பேப்பர் போடும் வேலைக்குப் போனான் அவன். அப்பாவோ எங்கோ தொலைதூர ஊரில் கேட்பாரற்று இறந்துபோனார்.

அம்மா தன்னைக் குப்பை மாதிரி வீசிவிட்டுப் போய்விட்டார் என்ற எண்ணம் அந்தச் சிறுவனுக்குள் அப்போதே பதிந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது இந்தக் குளிர்காலமும் இந்த வீடும்தான்.

'தங்க முட்டைகள்' ஏறிய ரயில்

இந்த இடத்தில் அன்றைய ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப் போன நாடு, 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கை நடத்திக் காட்டியது. அதிவேக புல்லட் ரயிலை ஓடவிட்டது. 1968-ல் முதலாளித்துவ நாடுகளில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய பொருளாதாரம் என்ற இடத்துக்கு வந்தது.

அந்த வளர்ச்சிக்குக் கைகள் தேவைப்பட்டன. வடக்கே இருந்த ஏழைக் கிராமங்களில் நடுநிலைப் பள்ளியை முடித்த 15 வயதுப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகச் சிறப்பு ரயில்களில் ஏற்றி, டோக்கியோவின் கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த இந்தப் பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட செல்லப்பெயர் 'தங்க முட்டைகள்'.

1965 வசந்தத்தில் அப்படி டோக்கியோவுக்கு வந்தவர்களில் ஒருவர் நாகயாமா. ஷிபுயா பகுதியில் பெயர்பெற்ற ஒரு பழக்கடையில் வேலை. ஆரம்பத்தில் நன்றாகத்தான் உழைத்தார். கடையிலும் அவர் மீது நல்ல பெயர் இருந்தது. ஆனால் ஊரில் செய்த சின்னத் திருட்டு ஒன்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டதோ என்ற பயம் வந்ததும், சில மாதங்களிலேயே வேலையை விட்டுவிட்டு ஓடினார்.

அதற்குப் பிறகு ஒரு இடத்தில் நிலைக்கவே இல்லை. கடை, பண்ணை, துறைமுகம், ஓட்டல் என்று வேலைகள் மாறிக்கொண்டே இருந்தன. மாலை நேர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார், பாதியில் நின்றார். வெளிநாட்டுக் கப்பலில் ஒளிந்துகொண்டு நாட்டை விட்டே போய்விட முயன்றார், பிடிபட்டார். தற்காப்புப் படையில் சேர விண்ணப்பித்தார், பழைய வழக்கைக் காட்டி நிராகரித்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் அவரை விடாமல் துரத்தியது. அவரது குடும்பப் பதிவேட்டில் பிறந்த இடமாக, அபாஷிரியில் கதவிலக்கம் இல்லாத பகுதி ஒன்றின் பெயர் இருந்தது. சரியாக 1965-ல், கென் தகாகுரா நடித்த அபாஷிரி சிறை பற்றிய படம் ஜப்பான் முழுக்கச் சக்கைப்போடு போட்டது. படத்தின் தலைப்பிலும் அதே மாதிரியான முகவரி. வேலைக்குப் போகும் இடத்தில் சான்றிதழைக் காட்டினால், சிறையில் பிறந்தவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று அவர் கூனிக் குறுகினார். காகிதத்தைக் கேட்டாலே அந்த வேலை வேண்டாம் என்று கிளம்பிவிடுவார்.

26 நாட்கள், 4 உயிர்கள்

டோக்கியோவுக்குத் தெற்கே யோகோசுகாவில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கிறது. ஏற்கெனவே அங்கே திருடப்போய் ஒருமுறை சிக்கியவர் நாகயாமா. 1968 அக்டோபரில் மறுபடியும் உள்ளே நுழைந்தார். அமெரிக்கர் குடியிருப்பு ஒன்றில் பணத்தோடு அவருக்குக் கிடைத்தது ஒரு .22 காலிபர் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கி.

ஜப்பானில் சாதாரண மக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பது என்பது கனவிலும் நடக்காத காரியம். அந்த நாட்டில், 19 வயது இளைஞர் ஒருவரின் பாக்கெட்டுக்குள் அது வந்துவிட்டது. அடுத்து நடந்தவை:

• அக்டோபர் 11, டோக்கியோ: நள்ளிரவு தாண்டிய நேரம். டோக்கியோ பிரின்ஸ் ஓட்டல் வளாகத்தில் சுற்றிக்கொண்டிருந்தவரைக் காவலாளி ஒருவர் தடுத்து நிறுத்தினார். வயது 27. சுட்டுக் கொல்லப்பட்டார்.

• அக்டோபர் 14, கியோட்டோ: புகழ்பெற்ற யசாகா ஆலய வளாகம். அங்கேயும் நள்ளிரவுக்குப் பிறகு. இங்கே என்ன செய்கிறாய் என்று விசாரித்த 69 வயதுக் காவலாளி சுடப்பட்டு இறந்தார்.

• அக்டோபர் 26, ஹகோடாடே அருகே: ஹொக்கைடோவில் டாக்ஸி டிரைவர் ஒருவர். வயது 31. சுட்டுக் கொன்றுவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டார்.

• நவம்பர் 5, நகோயா: இன்னொரு டாக்ஸி டிரைவர். வயது 22. மறுபடியும் கொலை, மறுபடியும் கொள்ளை.

மூன்றாவது, நான்காவது கொலைகளில் அவருக்குக் கிடைத்த பணம் சில ஆயிரம் யென்கள்தான்.

இரண்டாவது கொலைக்கும் மூன்றாவது கொலைக்கும் நடுவில் ஒரு முக்கியமான சம்பவம் நடந்தது. கியோட்டோவில் இருந்து டோக்கியோ திரும்பிய நாகயாமா, தன் அண்ணன் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னார். போலீசில் சரணடையும்படி அண்ணன் சொன்னார். அவர் கேட்கவில்லை. பிறந்த ஊரான அபாஷிரிக்குப் போய்ச் செத்துவிடலாம் என்று வடக்கே கிளம்பினார். அபாஷிரி வரை போய்ச் சேரவில்லை. வழியில் பணம் கரைந்தது. ஹகோடாடேவில் அந்த டாக்ஸியில் ஏறினார். அந்த டிரைவரின் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பம் அது. கைநழுவிப் போனது.

4 மாநகரங்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். கொல்லப்பட்டவர்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. எல்லா உடல்களிலும் இருந்த தோட்டாக்கள் ஒரே துப்பாக்கியில் இருந்து வந்தவை என்பது மட்டுமே துப்பு. ஜப்பான் போலீஸ் இதை 'பரந்த எல்லை முக்கிய வழக்கு எண் 108' என்று அறிவித்துத் தேடியது. பத்திரிகைகள் கொலையாளிக்குத் 'தொடர் துப்பாக்கிச்சூட்டுப் பிசாசு' என்று பெயர் வைத்தன. கைதாகும் வரை கொலையாளி யார் என்று போலீசுக்குத் தெரியாது.

எப்படிச் சிக்கினார்?

அந்தப் பிசாசு டோக்கியோவுக்குத் திரும்பி, ஷிஞ்சுகுவில் ஒரு ஜாஸ் கஃபேயில் சர்வராக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நடிகர், இயக்குநர் தகேஷி கிடானோவும் இளம் வயதில் அதே கஃபேயில் வேலை பார்த்தவர்தான்.

1969 ஏப்ரல் 7 அதிகாலை. டோக்கியோவின் செண்டகாயா பகுதியில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்துக்குள் திருடுவதற்காகப் புகுந்தார் நாகயாமா. காவலாளி பார்த்துவிட்டார். துப்பாக்கியால் சுட்டுவிட்டுத் தப்பினார். இந்த முறை யாரும் சாகவில்லை. தகவல் போன சில மணி நேரத்தில், மெய்ஜி ஆலயத்துக்குப் பக்கத்தில் ரோந்து போலீசார் அவரைப் பிடித்தார்கள். துப்பாக்கியும் கையிலேயே இருந்தது.

நாடே அதிர்ந்தது. ஏதோ நிழலுலக ரவுடியாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, போலீசார் கூட்டிக்கொண்டு வந்தது ஒல்லியான, சின்னப் பையன் முகம் கொண்ட ஒரு 19 வயது இளைஞரை. ஜப்பானில் அப்போது 20 வயது நிறைந்தால்தான் மேஜர். சட்டப்படி அவர் இன்னும் மைனர்.

சிறைக்குள் பிறந்த எழுத்தாளர்

எல்லாக் கொலை வழக்குகளும் கைதோடு பரபரப்பு அடங்கிவிடும். இந்த வழக்கில் கதையே அதற்குப் பிறகுதான்.

பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காகப் போகாதவர், டோக்கியோ காவல் சிறையில் புத்தகங்களை வெறிபிடித்த மாதிரி படிக்க ஆரம்பித்தார். மார்க்ஸ், தத்துவம், இலக்கியம், அகராதி என்று எதையும் விடவில்லை. 1969 கோடையில் சிறை நோட்டுப் புத்தகங்களில் எழுதத் தொடங்கினார். 1971-ல் அந்தக் குறிப்புகள் 'அறியாமையின் கண்ணீர்' என்ற புத்தகமாக வெளிவந்தன. அமோகமாக விற்பனையானது.

அவர் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: வறுமை தன்னிடமிருந்து கல்வியைப் பறித்தது. கல்வி இல்லாததால் தன் துன்பத்துக்கு யார் காரணம் என்றே தெரியவில்லை. தெரியாததால் தன்னைப் போன்ற உழைப்பாளிகளையே கொன்றுவிட்டோம். வறுமை மனிதனுக்குள் இருக்கும் சமூக உணர்வை அழித்துவிடும் என்று எழுதிய டச்சுக் குற்றவியல் அறிஞர் வில்லெம் போங்கரின் வரியை, நீதிமன்றத்திலேயே ஆங்கிலத்தில் சொல்லி எல்லோரையும் திகைக்க வைத்தார்.

இதில் ஒரு உண்மை இருந்தது. கொல்லப்பட்ட நால்வரும் ராத்திரி கண் விழித்துச் சம்பாதித்தவர்கள். இருவர் காவலாளிகள், இருவர் டாக்ஸி டிரைவர்கள். 69 வயதிலும் இரவுக் காவலுக்கு வந்தவரும், 22 வயதில் ஸ்டியரிங் பிடித்தவரும் நாகயாமாவின் வறுமைக்கு எந்த விதத்திலும் காரணமானவர்கள் இல்லை. அதனால்தான், தன் குற்றத்தைச் சமூகத்தின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார் என்ற விமர்சனமும் அவர் மீது கடைசிவரை இருந்தது.

சினிமாக்காரர்களும் இந்த வழக்கை விட்டுவைக்கவில்லை. மசாவோ அடாச்சி 1969-ல் எடுத்த ஆவணப்படத்தில் நாகயாமாவின் முகமே வராது. அவர் வாழ்ந்த, வேலை பார்த்த, கடந்துபோன ஊர்களின் தெருக்களும் ரயில் நிலையங்களும் மட்டுமே வரும். புகழ்பெற்ற இயக்குநர் கனேட்டோ ஷிண்டோ 1970-ல் இவரது வாழ்க்கையை அடிப்படையாக வைத்து ஒரு திரைப்படம் எடுத்தார்.

100 மணி நேர டேப்புகள்

1970-களில் நாகயாமாவின் மனநிலையைப் பரிசோதிக்க மனநல மருத்துவர் யோஷிஹிரோ இஷிகாவா நியமிக்கப்பட்டார். வழக்கமாக இதெல்லாம் சில சந்திப்புகளோடு முடிந்துவிடும். இஷிகாவா 278 நாட்கள் எடுத்துக்கொண்டார். 100 மணி நேரத்துக்கும் மேல் பேச்சைப் பதிவு செய்தார். அம்மாவின் வாழ்க்கைக் கதையையும் கேட்டார். அம்மாவும் சிறுவயதில் கைவிடப்பட்டு வளர்ந்தவர் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

சிறுவயதில் கைவிடப்பட்டதும், அடி உதையும் ஒரு மூளையில் எவ்வளவு ஆழமான காயத்தை உண்டாக்கும் என்பதை அந்த அறிக்கை விளக்கியது. குழந்தைப் பருவ மனக்காயம் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோம். ஜப்பானில் அப்போது அந்தப் பேச்சே புதுசு. விசாரணை நீதிமன்றம் அந்த அறிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த டேப்புகள் பல பத்தாண்டுகள் கழித்து, 2012-ல் என்எச்கே தொலைக்காட்சியின் ஆவணப்படம் மூலம்தான் மக்கள் காதுக்கு வந்தன.

தூக்கு, ஆயுள், மறுபடியும் தூக்கு

வழக்கு மெதுவாக நகர்ந்தது. நாகயாமா தன் வழக்கறிஞர்களையே மாற்றிக்கொண்டே இருந்தார். கோர்ட்டில் கூச்சல், குழப்பம். முதல் தீர்ப்பு வரவே 10 ஆண்டுகள் ஆகிவிட்டன.

1979 ஜூலை 10: டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

இதற்கிடையே அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம். அவரது புத்தகத்தைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதிய ஒரு பெண்ணை, 1980-ல் சிறையில் இருந்தபடியே திருமணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு நாகயாமாவின் பேச்சும் நடத்தையும் மாறியதாக அருகில் இருந்தவர்கள் கவனித்தார்கள். புத்தகத்தில் வந்த ராயல்டி பணத்தை, கொலையானவர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்க அந்தப் பெண் நேரில் போனார். சில குடும்பங்கள் வாங்கிக்கொண்டன. சில குடும்பங்கள் மறுத்துவிட்டன. போன உயிருக்கு அந்தப் பணம் எப்படி ஈடாகும்?

1981 ஆகஸ்ட் 21: டோக்கியோ உயர் நீதிமன்றம் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குற்றம் நடந்தபோது அவருக்கு 19 வயதுதான், வளர்ந்த சூழல் மிக மோசம், அந்தக் குழந்தைக்கு உதவ வேண்டிய அரசும் சமூகமும் கைவிட்டுவிட்டன, இப்போது அவர் மனம் மாறி இழப்பீடும் தருகிறார் என்பதெல்லாம் காரணங்கள். எந்த நீதிமன்றம் விசாரித்தாலும் மரண தண்டனைதான் தரும் என்கிற அளவுக்கான வழக்குகளில் மட்டுமே தூக்கு கொடுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

அரசுத் தரப்பு விடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1983 ஜூலை 8: ஆயுள் தண்டனைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வழக்கை மறுபடியும் உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. ஜப்பானின் சட்ட வரலாற்றில் இடம்பிடித்த தீர்ப்பு இதுதான்.

நாகயாமா அளவுகோல் என்றால் என்ன?

மரண தண்டனை கொடுப்பதற்கு முன் நீதிபதிகள் எதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு 9 விஷயங்களைப் பட்டியலிட்டது:

• குற்றத்தின் தன்மை
• குற்றத்துக்கான நோக்கம்
• செய்த விதம், குறிப்பாக அதில் இருந்த கொடூரம்
• விளைவின் தீவிரம், குறிப்பாகக் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை
• உயிரிழந்தவர்களின் குடும்பத்தினர் மனநிலை
• சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம்
• குற்றவாளியின் வயது
• முந்தைய குற்றப் பின்னணி
• குற்றத்துக்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதம்

இவை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, பொறுப்பு மிகக் கனமானது, வேறு வழியே இல்லை என்று தோன்றினால் மட்டும் மரண தண்டனை கொடுக்கலாம்.

பார்க்கப்போனால் இது கட்டுப்பாடு விதிக்கும் பட்டியல்தான். ஆனால் நடைமுறையில், எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்ற எண்ணிக்கைக்குத்தான் அதிக எடை கிடைத்தது. ஒருவரைக் கொன்றால் பெரும்பாலும் ஆயுள், மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் தூக்கு வாய்ப்பு அதிகம் என்ற பேச்சு ஜப்பானில் வழக்கமாகிவிட்டது. ஓர் உயிர் போனால் போதாதா என்று பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கேட்பதும், உயிரை எண்ணிக்கையில் அளக்கலாமா என்று மரண தண்டனை எதிர்ப்பாளர்கள் கேட்பதும் இன்றுவரை தொடர்கிறது.

1987-ல் உயர் நீதிமன்றம் மீண்டும் மரண தண்டனை விதித்தது. 1990-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. திருமண வாழ்க்கை அதற்கு முன்பே, 1986-ல், விவாகரத்தில் முடிந்திருந்தது.

கொலையாளி எழுத்தாளர் சங்கத்தில் சேரலாமா?

மேலே வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, கீழே சிறை அறையில் நாவல்கள் வளர்ந்துகொண்டிருந்தன. 1983-ல், அதாவது உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்ன அதே ஆண்டில், 'மரப்பாலம்' என்ற கதைக்காக 'புதிய ஜப்பானிய இலக்கியம்' விருது அவருக்குக் கிடைத்தது. இட்டாயானாகியில் கழிந்த சிறுவயது வறுமைதான் கதைக்களம்.

1990-ல் ஜப்பான் எழுத்தாளர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தார். மரண தண்டனைக் கைதியைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. சங்கம் கதவைத் திறக்கவில்லை. எழுத்தை வைத்து முடிவு செய்யாமல் ஆளை வைத்து முடிவு செய்வது தவறு என்று கண்டித்து, விமர்சகர் கோஜின் கராதானி, நாவலாசிரியர் கென்ஜி நகாகாமி, அறிவியல் புனைகதை எழுத்தாளர் யசுடாகா சுட்சுயி ஆகியோர் சங்கத்தை விட்டே விலகினார்கள்.

1997 ஆகஸ்ட் 1

ஜப்பானில் மரண தண்டனை நிறைவேற்றும் நாளை முன்கூட்டியே யாருக்கும் சொல்ல மாட்டார்கள். கைதிக்கே அன்று காலையில்தான் தெரியும். குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் எல்லாம் முடிந்த பிறகுதான் தகவல் போகும்.

1997 ஆகஸ்ட் 1-ம் தேதி டோக்கியோ காவல் சிறையில் நோரியோ நாகயாமா தூக்கிலிடப்பட்டார். வயது 48. அதில் 28 ஆண்டுகள் சிறையில் கழிந்தவை. அதே நாளில் ஜப்பானில் மொத்தம் 4 பேருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்த நேரம் பல கேள்விகளைக் கிளப்பியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், கோபே நகரில் நடந்த குழந்தைக் கொலைகளில் 14 வயதுச் சிறுவன் கைதாகி, சிறார் குற்றவாளிகளுக்குக் கடும் தண்டனை வேண்டும் என்ற குரல் ஜப்பான் முழுக்க ஓங்கியிருந்தது. சிறார் வயதில் குற்றம் செய்த நாகயாமாவைத் தேர்ந்தெடுத்துத் தூக்கிலிட்டது அதனால்தானா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஒருவரை ஏன் இப்போது தூக்கிலிடுகிறோம் என்று ஜப்பான் அரசு காரணம் சொல்வதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அவர் எழுதி முடிக்காமல் விட்டுப்போன 'மலர்' என்ற நாவல், அவர் இறந்த பிறகு புத்தகமாக வந்தது. அவரது விருப்பப்படி அஸ்தி, அபாஷிரியை ஒட்டிய ஒகோட்ஸ்க் கடலில் கரைக்கப்பட்டது.

பெரு நாட்டுக் குழந்தைகளுக்குப் போன பணம்

தன் புத்தகங்களில் வரும் பணம் முழுவதும் உலகத்தின் ஏழைக் குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பெரு நாட்டு ஏழைக் குழந்தைகளுக்குப் போக வேண்டும் என்பது நாகயாமாவின் கடைசி ஆசை. அவரது வழக்கறிஞர்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து 'நாகயாமா குழந்தைகள் நிதி' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெருவில் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கு இந்த நிதி உதவுகிறது. அதற்காக டோக்கியோவில் இசை நிகழ்ச்சிகளும் நடத்தப்பட்டன.

இப்போது என்ன நிலை?

நாகயாமா அளவுகோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2009 முதல் ஜப்பானில் கொலை வழக்குகளை நீதிபதிகளோடு சேர்ந்து சாதாரணக் குடிமக்களும் விசாரிக்கிறார்கள். அவர்கள் முன்னாலும் வைக்கப்படுவது இதே பட்டியல்தான்.

ஜப்பான் சட்டப்படி, குற்றம் செய்தபோது 18 வயது நிறையாதவருக்கு மரண தண்டனை கிடையாது. 18, 19 வயதுக்காரர்களுக்கு உண்டு. 1999-ல் ஹிகாரி நகரில் ஒரு தாயையும் கைக்குழந்தையையும் கொன்ற வழக்கில், 18 வயது நிரம்பிய ஒரே மாதத்தில் குற்றம் செய்தவருக்கு 2012-ல் மரண தண்டனை உறுதியானது. அந்த வழக்கிலும் நாகயாமா தீர்ப்புதான் விவாதத்தின் மையம். 2022 ஏப்ரலில் மேஜர் வயது 20-ல் இருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 18, 19 வயதினரின் பெயரை ஊடகங்கள் வெளியிடவும் வழி பிறந்தது.

நாகயாமா செய்த 4 கொலைகளுக்கு எந்தக் குளிர்காலமும், எந்தப் பசியும் நியாயம் ஆகாது. அந்த 4 குடும்பங்களுக்குப் போன உயிர் திரும்பவில்லை. அதே சமயம் 1981 தீர்ப்பு கேட்ட கேள்வியும் அப்படியே நிற்கிறது. 1954-ல் அபாஷிரியில் பெரியவர்கள் இல்லாத அந்த வீட்டின் கதவை, நலத்துறை ஊழியர் ஒருவர் குளிர் தொடங்கியபோதே தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1968-ல் ராத்திரி வேலைக்குப் போன அந்த நாலு பேரும் வீடு திரும்பியிருப்பார்களா? 9 விஷயங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் குழந்தைப் பருவம் என்று தனியாக ஒரு வரி இல்லை. அதைச் சேர்த்துப் பார்ப்பதா, வேண்டாமா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் அந்தந்த நீதிமன்றமே முடிவு செய்துகொண்டிருக்கிறது.